முதுகில் நாலு பட்டன்

சுகுமாறன் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து தினமும் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலம் தாண்டி, சிங்கப்பூர்க் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்குகிறவன். பத்தொன்பது வருடமாக அதே பாலம், அதே நெரிசல். மனைவி பிரேமலா தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கிறாள். இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான்.

மகள் கோலாலம்பூருக்குப் படிக்கப் போனபோது வீடியோ கேம் பெட்டியை விட்டுவிட்டுப் போனாள். தூசு தட்டப் போய், இவர்கள் ஃபுட்பால் ஆட ஆரம்பித்தார்கள். ஆடும்போதுதான் இருவருக்கும் பேச்சு வரும். மகளின் சளியிலிருந்து பிரேமலாவின் சூப்பர்வைசருடைய திமிர் வரை எல்லாம் ஆட்டத்துக்கு நடுவில்தான். ஆட்டம் இல்லையென்றால் ஆளுக்கொரு கைப்பேசி.

பிறகு சுகுமாறனின் வலது கட்டைவிரல் மக்கர் செய்தது. ஆறு மாதம் அதை வருத்தக் கூடாது என்றார் டாக்டர். மோட்டார் ஓட்டலாமா என்று கேட்டான். உள்ளங்கையால் பிடித்து ஓட்டச் சொன்னார். கேம் ஆடலாமா என்று கேட்க நாற்பத்தாறு வயதில் வெட்கமாக இருந்தது.

மூன்று ஞாயிறு ஆட்டம் இல்லை. நாலாவது ஞாயிறு பிரேமலா ஆயர் ஈத்தாமில் இருக்கும் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். சுகுமாறனுக்குப் பயம் வந்தது. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் சமாதானம் செய்யலாம். போரடிக்கிறது என்று போனவளை என்ன செய்வது?

மறுநாள் ஒரு கடையில், முதுகுப்பக்கம் நாலு பட்டன் வைத்த கண்ட்ரோலரைப் பார்த்தான். முன்பக்க பட்டன்களின் வேலையை அவற்றுக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். கட்டைவிரலே வேண்டாம் என்றார் கடைக்காரர். இத்தனை காலம் இரண்டு கட்டைவிரல்கள் மட்டும் வதைபட, நடுவிரலும் மோதிரவிரலும் சம்பளத்தோடு லீவில் இருந்திருக்கின்றன. சுகுமாறனுக்குக் கோபமே வந்தது. வாங்கிவிட்டான்.

வலப்பக்க பட்டன்களுக்குப் பந்தைத் தள்ளும் வேலையும் கோல் அடிக்கும் வேலையும் கொடுத்தான். இடப்பக்கம் ஒன்றை அமுக்கினால் கோல்கீப்பர் வெளியே ஓடி வருவார். மற்றது சும்மா.

அந்த ஞாயிறு ஏழு பூஜ்யம் என்று தோற்றான். பிரேமலா பந்தோடு நெருங்கும்போதெல்லாம், பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி கோல்கீப்பர் கோல் வாசலைவிட்டு ஓடி வந்தார். அடுத்த ஞாயிறு ஆறாவது கோலை அடிக்கப் போன பிரேமலா, அடிக்காமல் கண்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

"என்னாங்க இது? வேணும்னே விட்டுக் குடுக்கறீங்களா?"

"இல்லலா. விரலு தானா அமுக்குது."

"ஒவ்வொரு தடவையுமா? இப்படிப் பிச்சை போட்டு நான் ஜெயிக்கணுமா? அடுத்த வாரம் அக்கா வீட்டுக்கே போறேன்."

அவன் சொன்னது உண்மை. ஆனால் அவனுக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. கண்ட்ரோலரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். அவள் ஆத்திரத்தில் சோபாத் தலையணையை எடுத்து அவன்மேல் வீசினாள். அது மூக்கில் பட்டது. டிவியில் கோல்கீப்பர் வெளியே ஓடி வந்தார்.

பிரேமலா டிவியைப் பார்த்தாள். பிறகு அவன் இடது கையைப் பார்த்தாள். தலையணையை மறுபடி எடுத்து, வீசாமல், ஓங்க மட்டும் செய்தாள். நாலு விரலும் இறுக மடங்கின. கோல்கீப்பர் மறுபடி ஓடி வந்தார்.

"கிளட்ச்," என்றாள்.

பாலத்தில் லாரிக்கும் லாரிக்கும் நடுவில், எது குறுக்கே வந்தாலும் மோட்டாரின் கிளட்சைப் பிடிக்க முதலில் மடங்கிப் பழகிய இடது கை விரல்கள். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். கடைசியாக எப்போது தன் கையைப் பிடித்தாள் என்று அவனுக்கு நினைவில்லை.

பிறகு அவளே கோல்கீப்பர் பட்டனை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, "இப்ப ஆடுங்க," என்றாள்.

கோல்கீப்பர் வாசலைவிட்டு அசையவில்லை. அப்படியும் மூன்று கோல் போட்டாள். நாலாவதுக்குப் பந்தை எடுத்துக்கொண்டு வரும்போது, "அந்த சூப்பர்வைசர் இருக்காள்ல," என்று ஆரம்பித்தாள்.