சிச்சென் இட்சா படங்கள்

மில்லிக்கனில் நான் வேலை செய்த பேக்கரியில் ட்ரே கழுவுகிறவர் ஒருவர் இருந்தார். குள்ளமானவர், அகன்ற கன்னங்கள், எந்நேரமும் ஈரமான கைகள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, சுவரைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் பேசுவார். மெக்சிக்கோக்காரர் என்பதால் அது ஸ்பானிய மொழி என்றே நினைத்தேன். மூன்று வருடம் பக்கத்தில் நின்றும் என்ன மொழி என்று கேட்டதில்லை.

விடுமுறைக்கு மெக்சிக்கோவின் கான்கூனுக்குப் போய்வந்த கிழமை, சிச்சென் இட்சாவில் எடுத்த படங்களை எல்லோருக்கும் காட்டினேன். காட்டுக்குள் எழுந்த பெருநகரம், நாலு பக்கமும் படி வைத்த கற்கோயில் என்று வழிகாட்டி சொன்னதை ஆங்கிலத்தில் ஒப்புவித்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். அதைக் கட்டிய மாயன்கள் அழிந்துபோனார்கள், எங்கள் தமிழோ இன்றும் உயிரோடு இருக்கிறது என்று பெருமையடித்தேன்.

மா பிசைகிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை என் முழங்கையில் இடித்தாள். "அண்ணை, உவரும் மாயன்தான். தாயோட கதைக்கிறது அவையின்ர பாஷை. தெரியாதே?"

அவர் கோபிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு என் ஃபோனை வாங்கினார். கோயிலை விட்டுவிட்டு, ஒவ்வொரு படத்தின் ஓரத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என்ன தேடுறீங்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அம்மாவை. ஓரத்தில நிக்கிற அந்த மரத்தடியிலதான் துணி விக்கிறவ."

கடைசிப் படம்வரை பார்த்தார். "அண்டைக்கு வரேல்லைப் போல," என்று ஃபோனைத் தந்தார்.

நானும் தலையாட்டினேன். கோயில் மட்டும் தெரியவேண்டுமென்று, அந்த மரத்தடியில் துணி விற்ற பெண்களைக் கையசைத்து விலக்கிவிட்டுத்தான் ஒவ்வொரு படத்தையும் எடுத்திருந்தேன்.