கையெழுத்துக்காரருக்குச் சொன்னது

என் கணவருக்கு நரம்பு நோய். கால்கள் இறுகிக் கட்டைபோல ஆகிவிடும். கஞ்சாவிலிருந்து எடுக்கும் எண்ணெயில் சில துளிகள் குடித்தால் கொஞ்சம் தளரும். சுவிஸில் டொக்டர் அதை எழுதிக் கொடுக்கலாம். காப்புறுதி நிறுவனம்தான் அதற்குக் காசு கட்ட மறுத்தது. கட்டத்தான் வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தக் கையெழுத்துச் சேர்ப்பவர்களோடு இவரும் சேர்ந்துகொண்டார். சனிக்கிழமைகளில் பாசலில் ஒரு டிராம் தரிப்பிடத்தில், சக்கர நாற்காலியில், மடியில் தாள்களோடு இருப்பார்.

பக்கத்தில் ஒரு சுவிஸ்காரி. அவளுக்கும் அதே நோய். வீட்டுக்கு வந்தால் அவள் கதைதான். அவள் சொன்ன பகிடி, அவள் கொண்டுவந்த கேக். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வருடமாகக் கால் பிடித்துவிடுகிறவள் நான். "நோகுதோ?" என்றால், "ஒண்டுமில்லை, நீர் படுத்து நித்திரை கொள்ளும்" என்பார். அவளுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது.

ஒருநாள் ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு போனேன். ரோல்ஸ் ஒரு சாட்டு, உளவு பார்க்கத்தான் போனேன். அவள் தள்ளி நின்று யாருக்கோ துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவர் நாயோடு வந்த ஒருவனிடம் ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "காலையில் வலி தொடங்கினால் குளியலறைக்குள் போய்த் துவாயைக் கடித்துக்கொண்டிருப்பேன். மனைவிக்குச் சத்தம் கேட்கக் கூடாது."

அவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அந்த நாய்க்குக்கூடத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியாது. சுவிஸ்காரியை விட்டுவிட்டு இப்போது பாசல் முழுவதன்மேலும் எனக்குப் பொறாமை.

அவர் முன்னால் போய் நின்றேன்.

"எனக்கும் சொல்லுங்கோ."

திடுக்கிட்டுப் போனார். "நீர் கையெழுத்து வைக்கேலாது. உமக்கு சுவிஸ் பாஸ்போட் இல்லையெல்லோ."

"கையெழுத்தை விடுங்கோ. சொல்லுங்கோ."

வழக்கமான ஜெர்மன் வசனத்தைத் தொடங்கினார்.

"தமிழில சொல்லுங்கோ."

"காலமை எழும்பேக்கை..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. தாள்கள் மடியிலிருந்து சரிந்தன. குனிந்து பொறுக்கிக் கொடுத்தேன்.

அப்போது டிராமிலிருந்து இறங்கிய ஒரு பெண், இது எதற்கு என்று கேட்டாள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு ஜெர்மனில் முழுவதையும் சொன்னார், துவாய் வரைக்கும். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள். முகம்கூட ஞாபகமில்லாத அவள்மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.