மேடையில் நான் நிறுத்திய மாத்திரை

நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு எனக்கு வாய் கூடிப்போனது. ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்க ஆள் அகப்பட்டால் விடமாட்டேன். சங்கரன்கோவிலில் என்னைக் கண்டதும் ஆட்கள் வேறு தெருவுக்குத் திரும்ப ஆரம்பித்த நேரத்தில்தான், வைட்டமின் சி அடைத்த ஆன்டி ஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல் விற்பவர்கள் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். என் கதையை அவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அதற்காகவே கேப்ஸ்யூலை வாங்கித் தின்றேன்.

மூன்றாவது மாதக் கூட்டத்தில் உள்ளங்கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் இரண்டு பட்டைகள் தெரிந்தன. இதயத்தை விரட்டுகிற நரம்புக்கு ஒன்று, அடக்குகிற நரம்புக்கு ஒன்று. மாரடைப்பு வந்தவர்களுக்கு விரட்டுகிறது ஓங்கி நிற்குமாம். அதை என் டாக்டரும் சொல்லியிருக்கிறார். எனக்கு இரண்டும் சமமாக இருந்தன. கேப்ஸ்யூல் வேலை செய்கிறது என்று கைதட்டினார்கள். துடிப்பை அடக்குவதற்கென்றே டாக்டர் எழுதிய மாத்திரையை என் மனைவி தினமும் காலையில் எடுத்துத் தருவதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள்.

"இங்கிலீஷ் மாத்திரையெல்லாம் விட்டு மூணு மாசமாச்சு" என்றேன்.

அப்படிச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. கைதட்டலுக்கு அலைந்த அற்பத்தனம், வேறொன்றுமில்லை. எனக்கு முன்னாலேயே விஷயம் வீட்டுக்குப் போயிருந்தது, வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். எவனாவது நம்பித் தொலைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். என் பேச்சை எவன் நம்பப்போகிறான் என்று சிரித்தேன்.

நம்பியது அவளுடைய தம்பி. புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்திருப்பவன். எனக்கு முந்தின வருஷமே அவனுக்கு மாரடைப்பு வந்திருந்தது. அன்று மண்டபத்தில் இருந்தான். எலுமிச்சை மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு வைட்டமின் சி-யை டப்பாவில் வாங்குகிறானே என்று அவனைக் கேலி செய்ததுகூட நான்தான். அந்த வாரமே டாக்டர் மாத்திரைகளை மொத்தமாக நிறுத்தியிருக்கிறான். கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு அக்காவிடம் சொல்லலாம் என்று நினைத்தானாம்.

இரண்டு வாரத்தில் கடையிலேயே விழுந்தான். அடக்கி வைத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு முன்னைவிட வேகமாகக் கிளம்பும், ஏற்கெனவே அடிபட்ட இதயம் அதைத் தாங்காது என்றார் டாக்டர். யார் நிறுத்தச் சொன்னது என்றும் சத்தம் போட்டார். அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

பிழைத்துக்கொண்டான். ஆனால் கட்டிலில் இருந்து குளியலறை வரை போவதற்குள் மூச்சு வாங்குகிறது. கடையை மூடிவிட்டார்கள். ஒரு மத்தியானம் தனியாகப் பார்க்கப் போனேன்.

"அத்தான், ஒங்களுக்குக் கேட்ட மருந்து எனக்கு ஏன் கேக்கல? எம்மேலதான் ஏதோ கோளாறு" என்றான்.

அவன் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தான். பேசாமல் எழுந்து வந்திருந்தால் என் மரியாதை பிழைத்திருக்கும். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மாப்ள, நான் மாத்திரைய நிறுத்தவே இல்ல."

"மேடையில நிறுத்திட்டேன்னு சொன்னியளே?"

"அன்னைக்குக் காலையிலயும் போட்டுட்டுத்தான் வந்தேன்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் அடுப்படிப் பக்கம் திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டான்.

"அத்தான் கெளம்புதாவ. செருப்பு எங்கன கெடக்குன்னு பாரு."

நான் இன்னும் எழுந்திருக்கவே இல்லை.