மோட்டார் பெட்டியின் சிவப்புப் பொத்தான்

என் கருவிப் பையின் பக்கவாட்டு அறையில் ஒரு சிவப்புப் பொத்தான் கிடக்கிறது. தோட்டத்து மோட்டார் பெட்டியில் பச்சைக்குக் கீழே இருக்குமே, அதே மாதிரி. இரண்டு மீட்டர் ஒயர் அதைச் சுற்றியிருக்கிறது. பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நான் பட்டியல் வைத்திருக்கிறேன். இந்தப் பொத்தான் அதில் இல்லை. ஆனாலும் பையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் துடைத்து அங்கேயே வைத்துவிடுகிறேன்.

பல் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. பழனிசெட்டிபட்டியில் ஒரு சிறு நிறுவனம். சேர்ந்த முதல் வருடம் கம்பத்தில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு ஐந்து வேலைகளோடு போயிருந்தேன். நான்கு முடிந்துவிட்டன. கம்ப்ரசருக்குப் புதுப் பொத்தான் மாட்டுவதுதான் பாக்கி. அப்போது சுருளிப்பட்டியிலிருந்து ஓர் அக்கா தன் தங்கையோடு வந்தார். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவர். இடது கன்னம் கண் வரைக்கும் வீங்கியிருந்தது. பல்லைத் திறந்து இன்றைக்கே சீழை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைக்கலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். அக்காவுக்கும் அது புரிந்தது. ஆனால் முன்பு வேறொரு இடத்தில் இரண்டு பேர் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். அதிலிருந்து அந்த நாற்காலியைக் கண்டாலே நடுக்கம்.

மரத்துப்போக ஊசி போட்டபின் டாக்டரம்மா சொன்னார்: "சீழ் இருக்கப்ப மருந்து முழுசாப் பிடிக்காது, லேசா வலிக்கலாம். வலிச்சா கைய நீட்டுங்க, நிப்பாட்டிர்றேன்."

"ஆத்தாடி! டாக்டரம்மாட்ட நான் கை நீட்டுறதா? எங்க வீட்ல அப்படி வளக்கலம்மா."

எங்கள் பக்கம் கை நீட்டுவது என்றால் ஒன்று அடிப்பது, இல்லாவிட்டால் பிச்சை கேட்பது. டாக்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரி, தூக்குங்க" என்றார். "தூக்குறதுக்கும் ஓங்குறதுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்றார் அக்கா. "மாமாகிட்ட மட்டும் நல்லா நீட்டுவ" என்று தங்கை குத்த, "சும்மா கெடடி, சிரிச்சா வலிக்குது" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

டிரில் ஓடத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அக்காவின் கைகள் முந்தானைக்குள் இறுகின. கை உயரவே இல்லை. கண்ணீர் மட்டும் காதுப் பக்கம் வழிந்தது. டாக்டரம்மா தானாகவே நிறுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். "இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே அக்கா இறங்கி, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். தங்கை அழ ஆரம்பித்தாள்.

டாக்டரம்மா அதட்டவில்லை, பயமுறுத்தவும் இல்லை. என் கையிலிருந்த கம்ப்ரசர் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏ மெக்கானிக்கு, இத அவுக கையில குடுக்க முடியுமா? அமுக்குனா டிரில் நிக்கணும்."

கம்பெனி ஒத்துக்கொள்ளாது, வேண்டுமானால் ஒரு மணி வைத்துத் தருகிறேன் என்றேன்.

"மணி அடிச்சா நிப்பாட்டுறதும் நிப்பாட்டாததும் என் இஷ்டம்ல? இது அவுக இஷ்டமா இருக்கணும். ரெண்டு பேரு அமுக்கிப் பிடிச்ச கை அது."

கம்ப்ரசரின் பழைய பொத்தான் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். புதியதை டிரில்லை இயக்கும் கால் சுவிட்சின் ஒயரில் இணைத்தேன். தொட்டாலும் ஒன்றும் செய்யாத குறைந்த மின்சாரம்தான். கால்மணி நேர வேலை. அன்றைய பட்டியலின் ஐந்தாவது வரி டிக் ஆகாமலே நின்றது.

வாசலில் நின்ற அக்காவிடம் பொத்தானை நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். "இது எங்க தோட்டத்து மோட்டார் பொத்தான்ல? செவப்பு நிப்பாட்டும்." நான் விளக்க எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

பல்லைத் தொடுவதற்கு முன்பே மூன்று தடவை அமுக்கிப் பார்த்தார். மூன்று தடவையும் நின்றது. பிறகு வேலை தொடங்கியது. பாதியில் சத்தம் சட்டென்று அறுந்தது. டாக்டரம்மா உடனே கையை வெளியே எடுத்தார். "வலிக்குதா?"

"இல்ல. நெசமாவே நிக்குதான்னு பாத்தேன்."

நான் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு சுளிப்பும் இல்லை. "பாத்துக்கங்க. எத்தன தடவ வேணும்னாலும் பாருங்க."

அதற்குப் பிறகு அக்கா அமுக்கவே இல்லை. கட்டைவிரல் பொத்தான் மேல் லேசாகப் படிந்திருந்தது, தூங்குகிற குழந்தையின் மேல் கை வைத்திருப்பதுபோல. சீழ் வெளியேறியது. அந்த அறையில் ஒயர்கள் எங்கெங்கே போகின்றன என்று தெரிந்தவள் நான். ஒருவர் தன் கையிலிருந்த அதிகாரத்தை எடுத்துப் பயந்தவரின் விரலுக்கடியில் வைத்துவிட்டு, அதற்குக் கட்டுப்பட்டு வேலை செய்வதை அதற்கு முன் பார்த்ததில்லை. ஸ்க்ரூடிரைவரோடு சுவரோரம் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

போன வருடம் அந்த நாற்காலியை மாற்றினார்கள். கழற்றிய பொத்தானை, "நீயே வச்சுக்க" என்று டாக்டரம்மா கொடுத்தார். புது நாற்காலிக்கும் ஒன்று மாட்டினேன். மலையடிவாரத்து லோயர் கேம்ப் ஊர் வரை, கேட்கிற கிளினிக்குகளில் எல்லாம் மாட்டித் தருகிறேன். எங்கள் சர்வீஸ் படிவத்தில் அதை எழுத ஒரு வரி கிடையாது. கடைசி வரிக்குக் கீழே பேனாவால் நானே ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கிளம்புவதற்கு முன் நாற்காலியில் சாய்ந்து படுத்து, டிரில்லை ஓட்டச் சொல்லிவிட்டு, சிவப்பின் மேல் கட்டைவிரலை வைக்கிறேன். வலி எதுவும் இல்லை. ஆனாலும் அமுக்குகிறேன். பிறகு எழுந்து அந்த வரிக்கு எதிரே எழுதுகிறேன்: நிற்கிறது.