கண்ணை மட்டும் விட்டுவிட்டு

சின்ன வெங்காயத்தை இரண்டாக நறுக்கி உள்ளங்கையில் தேய்த்தால் முதலில் ஒரு குளிர்ச்சி, பிறகு மெல்லிய எரிச்சல், அதற்கப்புறம் எத்தனை முறை கழுவினாலும் சாயங்காலம் வரை போகாத ஒரு நெடி. திண்டுக்கல்லில் நான் படித்த பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் நாளன்று எங்கள் வகுப்பு முழுக்க அந்த நெடிதான் இருக்கும். வெங்காயம் தேய்த்த கையில் பிரம்படி வலிக்காது என்று எங்களுக்குள் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனாலும் தேய்க்காமல் போனால் இன்னும் வலிக்குமோ என்ற பயத்தில் ஒருவரும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அந்தப் பள்ளியை ஏதோ சிறைச்சாலை போலச் சொல்ல நான் வரவில்லை. எங்கள் கணக்கு டீச்சர் சிரித்த முகம், எனக்கு அம்மை போட்டிருந்தபோது வீட்டு வாசல் வரை வந்து விசாரித்துவிட்டுப் போனவர். அவரிடம் சாக்பீஸ் இருந்ததுபோலப் பிரம்பும் இருந்தது, அவ்வளவுதான். நேரமில்லாத நாட்களில் "இன்னைக்கு விட்டுடறேன், சேத்து வச்சு வாங்கிக்க" என்பார். அந்தச் "சேத்து வச்சு" இருக்கிறதே, அதற்கு அன்றைக்கே வாங்கித் தொலைத்திருக்கலாம் என்றிருக்கும். என்னைப் பள்ளியில் சேர்த்த நாளன்று, எங்கள் வீட்டில் அத்தா என்று அழைக்கப்படும் என் அப்பா, எல்லா அப்பாக்களும் சொல்வதையே தானும் சொன்னார்: "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க டீச்சர்." இத்தனைக்கும் அத்தா என்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அம்மா கோபத்தில் முதுகில் ஒன்று போட்டால்கூட அம்மாவோடு பேச மாட்டார். பிள்ளையை உங்களை நம்பி விடுகிறேன் என்று சொல்ல அவருக்குத் தெரிந்த மரியாதையான வழி அந்த வாக்கியம்.

எனக்கு ஒன்பது வயதில் அத்தாவுக்கு ஹூஸ்டனில் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் வேலை கிடைத்து, நாங்கள் அதன் புறநகரான சுகர் லேண்டுக்கு வந்தோம். புதுப் பள்ளியில் நுழைந்ததும் நான் தேடியது பிரம்பைத்தான். அலமாரி மேலே பார்த்தேன், போர்டுக்குப் பின்னால் பார்த்தேன், டீச்சரின் நாற்காலிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். கிடைக்கவில்லை. பிரம்பே இல்லாத வகுப்பறை உண்டு என்று நம்புமளவுக்கு நான் ஏமாளி இல்லை, எங்கேயோ பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றே முடிவு செய்தேன்.

டீச்சர் பெயர் மிஸஸ் டாசன். நெட்டையாக, ஓட்டப்பந்தயக்காரர் போல ஷூ போட்டுக்கொண்டு, எல்லோரையும் "ஹனி" என்று கூப்பிடுவார். முதல் முறை நான் வீட்டுப்பாடம் கொண்டுபோகாத அன்று மேசைக்கு அழைத்தார். நான் போய் நின்று, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளங்கையில் ஏதோ லேசாக விழுந்தது. கண்ணைத் திறந்தால் புத்தம்புதிய பென்சில். எழுத ஒன்றுமில்லாமல்தான் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அடுத்த முறை நீட்டியபோது ரப்பர், அதற்கடுத்த முறை மிட்டாய். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், இது நல்ல வழியாக இருக்கிறதே என்று தானும் போய்க் கையை நீட்ட ஆரம்பித்தாள்.

அவளுக்கு அது வேடிக்கை. எனக்கோ அந்தப் பென்சிலும் ரப்பரும் டெஸ்குக்குள் சேரச் சேரப் பயம் கூடியது. இது "சேத்து வச்சு" கணக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இவ்வளவு சிரிக்கிறவர் ஒரு நாள் மொத்தமாக வெளுக்கப் போகிறார். அத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் ஃப்ரீவேயில் எங்களை ஹில்கிராஃப்டில் உள்ள இந்தியக் கடைகளுக்குக் கூட்டிப்போவார். அங்கே அம்மா சாம்பாருக்கு வாங்கும் சின்ன வெங்காயத்திலிருந்து தினம் ஒன்றைத் திருடிப் பையில் வைத்துக்கொண்டேன். அமெரிக்கப் பெரிய வெங்காயத்தின்மேல் எனக்கு நம்பிக்கையில்லை, அது இனித்தது. அடித்தால் பிள்ளை திருந்தும் என்பவர்கள் அடி விழும் நிமிடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அடியே விழாத ஒரு வகுப்பறையில் உட்கார்ந்துகொண்டு, விழப்போகும் அடிக்காக ஒரு பிள்ளை வாரக்கணக்கில் கை வியர்த்துக் காத்திருந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இலையுதிர்காலம் என்று பேருக்குச் சொல்லிக்கொண்டு வெயில் கொளுத்திய ஒரு நாளில் பெற்றோர் சந்திப்பு வந்தது. அத்தா இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மிஸஸ் டாசன் என் கணக்கைப் பாராட்டினார். ஆனால் ரொம்பப் பயப்படுகிறாள், அடிக்கடி கையை நீட்டுகிறாள், அது ஏன் என்று புரியவில்லை என்றார். மகளை இவ்வளவு அக்கறையாகக் கவனிக்கிறாரே என்று அத்தாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. அந்த நிறைவில் ஊர் வாக்கியத்தை இங்கிலீஷில் எடுத்து விட்டார்: "மேடம், ஒன்லி த டூ ஐஸ் யூ லீவ். ரிமெய்னிங் ஸ்கின், யூ கேன் ரிமூவ்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த அறையில் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் பள்ளியின் ஆலோசகர் என்னைத் தனியாக அழைத்து, மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, அன்பாகக் கேட்டார்: "அட் ஹோம்" உன்னை யாராவது அடிப்பார்களா? இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு வரும் அங்கிள்களும் ஆன்ட்டிகளும் "பேக் ஹோம்ல இப்ப மழையாம்", "ஹோமுக்கு டிக்கெட் புக் பண்ணியாச்சா" என்றுதான் பேசிக்கொள்வார்கள். ஹோம் என்றால் எனக்கு ஊர். சுகர் லேண்டில் நாங்கள் இருந்தது ஹவுஸ். ஆகவே, ஆமாம், அடிப்பார்கள் என்றேன். எதனால்? குச்சியால். எங்கே? கையைக் காட்டினேன். ஹோமுக்குப் போகப் பயமாக இருக்கிறதா என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பயமில்லை, போகவேண்டும், சீக்கிரம் போகவேண்டும் என்றேன்.

அன்று சாயங்காலமே குழந்தைகள் நலத்துறையிலிருந்து போன் வந்தது, நேரில் வருகிறோம் என்று. அத்தாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர், கேள்விப்பட்டவுடன், "பாய், சாதாரணமா நினைக்காதீங்க, புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்க, ஒரு லாயர அரேஞ்ச் பண்ணுங்க" என்று கிலியைக் கிளப்பினார். அம்மா என்னை மடியிலிருந்து இறக்கவே இல்லை. "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல" என்று அத்தாவைப் பார்த்துச் சொன்னார். என்னை இவர்களிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. எதனால் என்று புரியவில்லை.

வந்தவர் நரைத்த முடியும் கனத்த உடம்புமான ஒரு கறுப்பினப் பெண்மணி. வாசலில் எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டுத் தானும் ஷூவைக் கழற்றினார். என்னோடு தனியாகப் பேசினார், அம்மாவோடு பேசினார். "ஹோம்" குழப்பம் அதிலேயே பாதி தெளிந்துவிட்டது. பிறகு அத்தாவிடம் அந்தக் கண் சமாசாரத்தைக் கேட்டார். அலுவலகத்தில் தடங்கலில்லாமல் இங்கிலீஷ் பேசும் அத்தா, அது ஒரு பேச்சு வழக்கு என்பதைச் சொல்வதற்குள் திக்கித் திணறிப்போனார். சரி, அப்படியானால் உங்கள் மகள் ஏன் கையை நீட்டுகிறாள் என்றார் அவர். எங்கள் பள்ளிகளில் அப்படித்தான், நானும் அப்படி நின்றவன்தான் என்றார் அத்தா. எப்படி, காட்டுங்கள் என்று கேட்டார்.

அத்தா எழுந்து நின்றார். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டார். உள்ளங்கையை நீட்டி, அடி படாமலிருக்கக் கட்டைவிரலை மட்டும் பக்கமாக ஒதுக்கினார். முகத்தைத் திருப்பினார், கண்களை இறுக மூடினார். காட்டுவதற்காகத்தான் செய்தார், ஆனால் கண்ணை மூடிய பிறகு அவர் காட்டிக்கொண்டிருக்கவில்லை. தாடி நரைக்கத் தொடங்கிய அந்த மனிதர், எங்கள் வீட்டுக் கூடத்தில், அச்சு அசலாக என்னைப் போலவே நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார். கிழக்கு டெக்சாஸில் தான் படித்த பள்ளியில், தலைமையாசிரியர் அறைக் கதவருகே பிள்ளைகளை அடிப்பதற்கென்றே ஒரு மரத்துடுப்பு தொங்கும் என்றார். "எங்களுக்குக் கையில் இல்லை, பின்பக்கம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, இன்றும் வேலை விஷயமாகத் தலைமையாசிரியர் யாரையாவது பார்க்கப் போனால் தான் உட்காருவதில்லை, நின்றே பேசிவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னார். அடி வாங்கியதால் உங்களுக்கு நன்மை விளைந்ததா என்று அத்தாவைக் கேட்டார். பள்ளியில் கணக்கில் எப்போதும் முதலாவதாக வந்த அத்தா, "ஐ திங்க் ஸோ" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "ஐ டோன்ட் நோ, மேம்" என்றார்.

பிரச்சினை ஒன்றுமில்லை என்று சில வாரங்களில் தகவல் வந்தது. விஷயத்தை ஆலோசகரிடம் கொண்டுபோன மிஸஸ் டாசன்மேல் அம்மாவுக்குக் கடைசிவரை கோபம் தீரவில்லை. எனக்கும் நெடுநாள் இருந்தது. இப்போது இல்லை. அதன்பின் ஒரு நாள் நான் பழக்கதோஷத்தில் கையை நீட்டியபோது, அவர் அதில் எதையும் வைக்காமல், என் விரல்களை மெதுவாக மடக்கி மூடிவிட்டு, உட்காரச் சொன்னார். அத்தா அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது நான் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பேர்லேண்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் பாடம் சொல்லித்தருகிறேன். போன மாதம் சென்னையிலிருந்து புதிதாக வந்த ஓர் அப்பா மகனைக் கொண்டுவந்து விட்டார். "கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்டா ஹேண்டில் பண்ணுங்க மேடம். கண்ண மட்டும் விட்ருங்க, மத்தது உங்க இஷ்டம். நாங்கல்லாம் அடி வாங்கித்தான இந்த லெவலுக்கு வந்தோம்" என்று சிரித்தார். அடி வாங்கி முன்னேறியவர்கள் இப்படி வந்து பேசுகிறார்கள். அடிக்குப் பயந்து பள்ளியை விட்டு நின்றவர்களுக்கு இங்கே வந்து பேச விசா கிடைப்பதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இதே டெக்சாஸில் சில ஊர்ப் பள்ளிகளில் மரத்துடுப்புக்கு இன்றும் அனுமதி உண்டு என்பதையும் சொல்லவில்லை. நாள் முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்று வீடு திரும்பும்போது காரில், அந்த அப்பா பேசியதைக் கேட்டிருந்த என் மகள் சாரா கேட்டாள்: "மா, ஒய் நாட் த ஐஸ்?" அவளுக்குத் தமிழ் புரியும், பதில்தான் இங்கிலீஷில் வரும். அவளுக்கு வெங்காயம் சாம்பாரில் கிடப்பது, ஹோம் என்பது இந்த வீடு. வாசலில் காரை நிறுத்திவிட்டு, முடிந்தவரை சொன்னேன். அவளுக்குப் பிடிபடவில்லை. கையை எப்படி நீட்டுவீர்கள் என்றாள். நீட்டிக் காட்டினேன்.

பட்டென்று தன் உள்ளங்கையால் என் கையில் ஒரு தட்டுத் தட்டி, "ஹை ஃபைவ்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குக் காதில்தான் கேட்டது. கண்ணை மட்டும் விட்டுவிடச் சொல்லித்தான் எங்களை ஒப்படைத்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் முதலில் மூடிக்கொள்வது அந்தக் கண்தான்.