பினாங்கில் ஆறு பிறை

தோல் வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இனி எந்த நாட்டில் போய் ஓய்வாக இருப்பது என்று என் கணவர் யோசித்தார். கொழும்பா, பினாங்கா என்று ஒரு மாதம் வீட்டில் சண்டை. மகள் இருக்கும் பினாங்குதான் என்று நான் ஜெயித்தேன். கப்பல் ஏறப்போவதைத் திண்டுக்கல்லில் நான் சொல்லாத வீடு இல்லை.

வரி வக்கீல் சொன்னதை இவர் ஒப்பித்தார். "வருசத்துல நூத்தியெம்பத்திரெண்டு நாள் தங்குனாத்தான் அந்த ஊர்க்காரன்னு கணக்காம். வரியும் கொறையுமாம். ஆறு மாசந்தான புள்ள! ஆறு பிறை பாத்துட்டு நோன்புக்கு ஊருக்கு வந்துரலாம்." அந்தக் கணக்கிலேயே திரும்பி வரவும் டிக்கெட் எடுத்துவிட்டார்.

பெட்டி அடுக்கும்போது சந்தேகம் வந்து, தினசரி காலண்டரின் தாள்களை எண்ணிப் பார்த்தேன். நூற்றெழுபத்தேழுதான் வந்தது. பிறை மாதங்களில் பாதிக்கு இருபத்தொன்பது நாள்தானே!

"வரி ஆபீசர் பிறையா பாக்குறாரு?" என்று கத்தினேன். "அஞ்சு நாள் கொறையுது மச்சான். டிக்கெட்ட மாத்துங்க."

இவர் முகம் சுருங்கியது. "அப்ப மொத அஞ்சு நோன்பும் அங்கயா? நம்ம பள்ளிவாசக் கஞ்சி?"

பினாங்குக்காரராக ஆகப்போகிறவர் கேட்கிற கேள்வி! சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு படி நொய்யரிசியைக் கட்டிப் பெட்டிக்குள் வைத்தேன்.

"கஞ்சி நான் காச்சுறேன். நீங்க பெட்டியத் தூக்குங்க."