பழனிக்குப் போகாத மொட்டை

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடும் நாலு மாடும்தான் பிழைப்பு. அந்த வைகாசியில் என் ஒரே மகளுக்கு எடப்பாடிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடித்திருந்தோம். தையில் கல்யாணம். ஆனி மாதம் ஒரு நாள் குளிக்கும்போது, இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். முதலிலேயே வந்துவிட்டீர்கள், பயப்பட வேண்டாம், ஒரு ஆபரேஷன், அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு கீமோ, கடைசியில் கதிர்வீச்சு, அதாவது கரண்ட் வைப்பது என்றார் டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் அந்த அறையிலேயே துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் முதல் நினைப்பு. எங்கள் பக்கம் இந்த நோயின் பேரைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று எவராவது ஒரு பேச்சைக் கிளப்பினால் போதும், நிச்சயம் செய்த தட்டு திரும்பி வந்துவிடும். அதனால் ஊருக்கு, கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னோம். மாப்பிள்ளையிடம் மூச்சு விடக்கூடாது என்று மகளிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன்.

ஆபரேஷனை மறைத்துவிட்டோம். தலையை எப்படி மறைப்பது? இரண்டாவது கீமோ முடிந்ததும் சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. என் வீட்டுக்காரரின் அக்காள், எங்கள் பக்கம் நங்கையா என்போம், அவர்தான் வழி சொன்னார்.

"முழுசாக் கொட்டறதுக்கு முன்னாடி நாமளே மொட்டை போட்டுக்கலாம். சந்தனத்தைப் பூசிக்க. கேட்டா பழனிக்குக் குடுத்தோம்னு சொல்லு. மொட்டைத் தலையைப் பார்த்து நம்மூருல எவளாச்சும் நோயான்னு கேப்பாளா?"

அதுவும் சரிதான் என்று பட்டது. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கன்றுக்குட்டிக்கு மூக்கணாங்கயிறு குத்தும்போது பிடிக்கிற மாதிரி என் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரரே மழித்துவிட்டார். நான் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, பழனிக்குப் போகாமலேயே பழனி மொட்டை ஆகிவிட்டேன்.

நான் முருகனோடு பேசுகிறவள். கிருத்திகை விரதம் ஒன்றுகூடத் தவறியதில்லை. நோய் வந்தபோது படத்துக்கு முன்னால் நின்று அவனோடு சண்டை போட்டேன். "உனக்கு நான் என்னடா குறை வெச்சேன்?" என்று கேட்டேன். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. இந்தப் பொய்யைச் சொன்ன பிறகுதான் பேச்சு நின்றது. விளக்கேற்றினால் குனிந்த தலையோடு ஏற்றிவிட்டு வந்துவிடுவேன். உயிரைக் கொடு என்று அவனிடம் கேட்கவேண்டிய நேரத்தில், அவன் பேரிலேயே பொய் சொல்லியிருக்கிறேனே, எந்த முகத்தோடு கேட்பது? வாந்தியும் வாய்ப்புண்ணும் தாங்கிக்கொண்டேன். இதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த நிலைமையில் ஒரு நாள் காலையில் சம்பந்தியம்மாள் ஒரு பை நிறைய மாதுளம்பழத்தோடு வந்து இறங்கினார். ஆபரேஷன் ஆனவரைப் பார்க்க வந்தவர், என் தலையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, என்ன வேண்டுதலுங்க?"

என் வாய் சும்மா இருந்ததா? "புள்ளை கல்யாணம் நல்லபடியா நடக்கோணும்னுதானுங்க. கல்யாணம் முடியற வரைக்கும் முடி வளக்கறதில்லைன்னு முருகன்கிட்டச் சொல்லியிருக்கறேன்" என்று அளந்துவிட்டேன். மூன்று மாதம் ஆனாலும் முடி முளைக்காதே, அதற்கும் சேர்த்து ஒரு காரணம் இருக்கட்டும் என்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊட்டுக்கு வரப்போகிற பிள்ளைக்காக இவ்வளவு செய்கிறீர்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தறிப்பட்டறையில் நாள் முழுக்க நின்று காய்த்துப்போன கை அது. காப்பி போடுகிற சாக்கில் அந்தக் கையிலிருந்து என் கையை உருவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கீமோ வார்டில் மட்டும்தான் எனக்கு விடுதலை. அங்கே நர்சம்மா என் சந்தனத்தைப் பார்த்து, பழனியா திருப்பதியா என்று கேட்க, பக்கத்துப் படுக்கை அம்மாள் தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டி, "இந்தக் கோயிலுக்கு வந்தா எல்லாருக்கும் மொட்டைதான்" என்றார். வார்டே சிரித்தது. திரும்பி வரும் பஸ்ஸில் கதை வேறு. நாலாவது கீமோவுக்குள் என் புருவமும் உதிர்ந்துவிட்டது. ஒரு பூக்காரம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்து, இறங்கும்போது கேட்டார்: "ஏஞ்சாமி, முருகன் புருவத்தையும் சேர்த்தா கேட்டான்?" அன்றிலிருந்து என் மகள் மை பென்சிலால் எனக்குப் புருவம் வரைய ஆரம்பித்தாள்.

ஐப்பசியில் சம்பந்தியம்மாளிடமிருந்து போன். "சம்பந்தி, பொண்ணப் பெத்தவங்க நீங்க முடி குடுத்துட்டீங்க. பையனப் பெத்தவ நானு சும்மா இருக்கலாமுங்களா? வர்ற வெள்ளிக்கிழமை நானும் பழனிக்குக் குடுக்கறேன். நீங்களும் வரோணும். வேன் சொல்லியாச்சு."

 அந்த அம்மாளின் முடியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கும். நிச்சயத்தன்று அவர் கொண்டையைச் சுற்ற இரண்டு முழம் பூ பற்றவில்லை. வாரம் தவறாமல் விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய்ப்பவர். என் பொய்யை நம்பி அதைக் கொடுக்கப் போகிறாரே! வேண்டாமுங்க, பால்குடம் எடுங்க என்றேன். கேட்கவில்லை. சரி, மூன்று கொத்து மட்டும் வெட்டிப் பூமுடி கொடுங்கள் என்றேன். "நீங்க முழுசாக் குடுத்திருக்கறப்ப நான் பூமுடி குடுத்தா ஊரு சிரிக்காதுங்களா?" என்று போனை வைத்துவிட்டார்.

டாக்டரம்மாவிடம் கேட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வேனில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், அவர் சொந்தக்காரர்கள் கூட இருந்தார்கள். ஒட்டன்சத்திரம் தாண்டினால் சொல்லிவிடலாம் என்றிருந்தேன், அதையும் தாண்டியாயிற்று. அடிவாரத்தில் சம்பந்தியம்மாள் சீட்டு வாங்கி, முடி எடுக்கும் மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். என்னைத் தவிர மற்றவர்கள் வெளியே நின்றார்கள். ஈரத் தலையை விரித்துவிட்டார். முடி தரையில் கிடந்து புரண்டது. முடி எடுப்பவர் புது பிளேடை மாட்டினார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. குனிந்து சம்பந்தியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாமுங்க சம்பந்தி. நான் முருகனுக்கு முடி குடுக்கவேயில்லீங்க. எனக்குக் கேன்சருங்க. மருந்துக்குக் கொட்டுன முடிங்க இது. பொய் சொல்லிப்போட்டேனுங்க."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். முந்தானையில் கறுப்பாக மை ஒட்டியிருந்தது. என் இரண்டு புருவமும் அதில் வந்துவிட்டன. அவர் அந்த முகத்தையே பார்த்தார்.  கல்யாணம் அவ்வளவுதான், என் மகளின் வாழ்க்கையை நானே இந்த மண்டபத்தில் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"புள்ளைக்குத் தெரியுமுங்களா?" என்றார்.

தெரியும், நான்தான் அவள் வாயைக் கட்டிப்போட்டேன் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "நோயி வந்தது உங்க தப்பு இல்லீங்க. கட்டிக்கப் போறவன்கிட்டயே அந்தப் புள்ளையப் பொய் சொல்ல வெச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு."

சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது.  முடி எடுப்பவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எடுக்கறதா வேண்டாமா? பின்னால எத்தனை பேரு நிக்கறாங்க பாருங்க" என்றார்.

சம்பந்தியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எடுங்க சாமி. எதுக்கு நிறுத்தறீங்க? இவ்வளவு நேரம், இவங்க குடுத்துட்டாங்களேன்னு வீம்புக்குத்தான் உக்காந்திருந்தேன். இப்பத்தான் வேண்டிக்கறதுக்கு ஒண்ணு கெடைச்சிருக்குது."

கண்ணை மூடிக்கொண்டார். பிளேடு உச்சியிலிருந்து இறங்கியது. முதல் கொத்து என் காலடியில் வந்து விழுந்தது. வேண்டாம் வேண்டாம் என்று நான் அழுகிறேன், அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறது. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து வராத அழுகை முழுவதும் அன்றைக்கு வந்து தீர்ந்தது.

மலைக்குப் போக இழுவை ரயிலுக்கு வரிசையில் நின்றோம். இரண்டு மொட்டைத் தலைகளுக்கும் அவரே சந்தனம் பூசினார். பூசி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "தையில கல்யாணம் வேண்டாமுங்க சம்பந்தி" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. வேண்டுதல் வேறு, சம்பந்தம் வேறு என்று நினைத்துவிட்டாரோ?

"வைகாசிக்குத் தள்ளி வெச்சுக்கலாம். மருந்தெல்லாம் முடிச்சுப்போட்டு, நீங்க தெம்பா நின்னு தாரை வாக்கோணும். பாதி உசுரோட மணவறையில நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார். அட, இதை முதலிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று அவரை அடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

சந்நிதியில் போய் நின்றேன். அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு அன்றுதான் முருகனை நிமிர்ந்து பார்த்தேன். என்னைக் காப்பாற்று என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. "வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. அம்மா சொல்லி விஷயம் தெரிந்ததும் மாப்பிள்ளை இரண்டு நாள் என் மகளோடு பேசவில்லை. கோபம் இருக்கத்தானே செய்யும்? ஐந்தாவது கீமோ அன்று நானும் என் வீட்டுக்காரரும் சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், காரோடு நின்றிருந்தார். "வாங்க அத்தை" என்று பையை வாங்கிக்கொண்டார். கார்க் கதவைத் திறந்துவிட்டு நான் ஏறுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அலங்காரம் செய்ய வந்த பெண் எனக்குச் சவுரி வைக்கட்டுமா என்று கேட்டாள். "வெச்சா ரெண்டு பேருக்கும் வையி, இல்லீன்னா ரெண்டு பேருக்கும் வேண்டாம்" என்றார் சம்பந்தியம்மாள். எனக்குக் கீமோ முடிந்து முளைத்த முடி, அவருக்குப் பழனிக்குக் கொடுத்து முளைத்த முடி, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. பூ வைத்தால் நிற்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் பாருங்கள், சம்பந்திகள் இரண்டு பேரும் போலீஸ்காரர் கிராப்போடு நிற்போம். என்ன வேண்டுதல் என்று கேட்டவர்களுக்கெல்லாம், கேன்சருங்க என்று நானே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரு சொந்தக்காரப் பெண், சாப்பாட்டுப் பந்திக்குப் பின்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்கும் கொஞ்ச நாளாக ஒரு கட்டி இருக்கிறது என்றாள். அடுத்த வாரமே சேலத்துக்குக் கூட்டிப்போனேன். வெறும் கொழுப்புக் கட்டிதான்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை எனக்குச் செக்கப் உண்டு. ரிப்போர்ட் வருகிற வரைக்கும் பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் சம்பந்தியம்மாள் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர் முடி இப்போது தோளைத் தாண்டிவிட்டது. எனக்கு என்னவோ சுருட்டை சுருட்டையாக முளைத்திருக்கிறது. "மருந்துக்குக் குடுத்துட்டு நீங்க சுருட்டை முடி வாங்கிட்டீங்க, முருகனுக்குக் குடுத்துட்டு எனக்கு நரைதான் வந்திருக்குது" என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து வம்பிழுப்பார். நானும் விடமாட்டேன்.

போன கிருத்திகைக்கு விளக்கேற்றும்போதும் இதைத்தான் முருகனிடம் பேசிக்கொண்டிருந்தேன். நான் கொடுத்ததாகச் சொன்ன முடியை அவன் கணக்கில் சேர்த்தானா இல்லையா, எனக்குத் தெரியாது. எனக்காக ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாளே, அதை அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.